தாரா இல்லாத தாரா சோஸும் எமது அம்பரெல்லாவும்

இரண்டு வருடங்களுக்கு முன் நோன்பு பிறக்க ஒரு மாதம் இருக்கையில், அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலிருந்து எனது மருமகன் விடுமுறையில் வந்தார். சொக்லட், சென்ட் போத்தல் என்று வழமையாக வரும் சாமான்களோடு, "மாமா, உங்கட பிஸ்னஸுக்கு இது சரி வரும்" என்று சொல்லி ஒரு பை நிறையச் சின்னஞ்சிறு பெக்கட்டுகளையும் தந்தார். விரலளவு பெக்கட். உள்ளே தேன் நிறத்தில் கொழகொழவென்று ஒரு சோஸ். அங்குள்ள சீனக் கடைகளில் பார்சல் எடுத்தால் ரோல்ஸோடும் பொரியலோடும் இதைக் கைநிறைய அள்ளிப் போடுவார்களாம். வீட்டில் ஒரு லாச்சி முழுக்கச் சேர்ந்து விடுமாம். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'டக் சோஸ்'. எமது பாஷையில் தாரா சோஸ்.

நான் மாவனல்லையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவன். வரக்காப்பொலையிலிருந்து கடுகண்ணாவ வரையும், புதன்கிழமைகளில் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமும், மாதத்தில் இரண்டு தடவை எஹெலியகொடை வழியாக இரத்தினபுரிக்கும் எமது லொறி போகிறது. பிரைட் ரைஸ் கடைகளுக்கு சோயா சோஸ், தக்காளி சோஸ், மிளகாய் சோஸ், வினாகிரி, கோன்பிளவர் எல்லாம் கேன் கணக்கில் இறக்குவோம். ஆகவே ஒரு சோஸ் பெக்கட்டைக் கண்டால் நாக்கில் வைக்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பி எழுத்தை வாசிப்பது எனக்குப் பழகிப் போன காரியம்.

வாசித்தேன். தாராவும் இல்லை, தாராவின் கொழுப்பும் இல்லை. சீனிப்பாகு, தண்ணீர், வினாகிரி, மாப்பொருள், உப்பு, கொஞ்சம் பழக்கூழ். அவ்வளவுதான். நாக்கில் வைத்தேன். இனிப்பு, அதன் பின்னால் புளிப்பு. கலியாண வீட்டு சஹனில் பிரியாணிக்கு ஓரமாக வைக்கும் பேரீச்சம்பழச் சட்னியைச் சலித்து, தண்ணீர் விட்டு, காரத்தை எடுத்து விட்டால் என்ன வருமோ அதுதான். இதற்கு ஒரு பெக்கட்டும் ஒரு பெயரும் கொடுத்து ஒரு நாடு முழுக்க ஓட விட்டிருக்கிறார்கள் என்றால், அதில் எமக்குப் படிக்க ஏதும் இருக்க வேண்டும் என்று எண்ணினேன். அதன் பிறகு தேடி அறிந்தவற்றையும், எனது கைக்காசைப் போட்டுப் படித்தவற்றையும் இந்தப் பக்கத்தில் வர்த்தக நண்பர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

சீனாவில் பிறந்து அமெரிக்காவில் மாறியது

சீனாவின் தென்பகுதியில், கன்டன் பக்கத்தில், 'மெய்' எனும் புளிப்புப் பழத்தை உப்பிலிட்டு, சீனியும் வினாகிரியும் இஞ்சியும் சேர்த்துக் காய்ச்சி ஒரு சோஸ் செய்கிறார்கள். பிளம் சோஸ் என்று எமது சுப்பர் மார்க்கட் தட்டுகளில் காண்பது அதைத்தான். நெருப்பில் வாட்டிய தாராவுக்கும் வாத்துக்கும் அதைத் தொட்டுக் கொள்வது வழக்கம். தாராவின் கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டி விடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1882இல் சீனத் தொழிலாளர் வருவதைத் தடுத்து அந்நாடு சட்டமே கொண்டு வந்தது. அந்தச் சட்டம் 1943 வரை இருந்தது. ஏற்கெனவே போயிருந்தவர்களில் பலர் பிழைப்புக்காகச் சலவைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் போட்டார்கள். அந்த நாட்டில் மலிவாகக் கிடைத்தவை அப்ரிகொட், பீச் போன்ற பழங்கள். அவற்றைக் காய்ச்சி, சீனியைக் கூட்டி, உள்ளூர் நாக்குக்குப் பிடித்த மாதிரி மாற்றினார்கள். பொஸ்டன் நகரம் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியில் அப்பிள் கூழில்கூடச் செய்கிறார்கள். அதாவது ஒரே பெயர், ஊருக்கு ஊர் பழம் வேறு. எந்த ஊரில் எது மலிவோ அதுதான் சட்டிக்குள் போகிறது.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு விடயம். அமெரிக்காவில் சீனச் சாப்பாட்டுச் சாமான் விற்றுப் பெரிதான சிலர் சீனர்களே அல்லர். லா சோய் என்ற பெயர் பெற்ற கம்பனியை 1922இல் டெட்ரொய்ட் நகரில் தொடங்கிய இருவரில் ஒருவர் அந்த ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர், மற்றவர் கொரியாக்காரர். சீனக் கடைகளுக்கு சோயா சோஸ், தாரா சோஸ் பெக்கட்டுகளைச் செய்து கொடுக்கும் காரி அவுட் என்ற நியூயோர்க் கம்பனியை 1964இல் தொடங்கியவர் ஹவர்ட் எப்ஸ்டீன் என்ற யூதர்.

யூதர்களின் கதையை எமது வர்த்தகர்கள் கவனிக்க வேண்டும். எமக்கு ஹலால் எப்படியோ, அவர்களுக்கு 'கோஷர்' அப்படி. பன்றி ஆகாது. திராட்சை மதுவிலிருந்து வந்த வினாகிரி என்றால் அதன் மூலத்தையே கிளறிப் பார்ப்பார்கள். அவர்களது பஸ்கா பண்டிகை நாட்களில் கோதுமை கலந்த சோயா சோஸும் ஆகாது. கிறிஸ்மஸ் நாளில் ஊரில் எல்லாக் கடையும் பூட்டியிருக்கச் சீனக் கடை மட்டும் திறந்திருந்ததால், அன்றைக்குச் சீனச் சாப்பாடு சாப்பிடுவது அவர்களுக்கு ஒரு வழக்கமாகவே ஆகி விட்டது. 1932இல் புரூக்ளினில் ஒரு குடும்பம் வீட்டில் தொடங்கிய கோல்ட்ஸ் என்ற நிறுவனம், கோஷர் முத்திரையோடு தாரா சோஸைப் போத்தலில் அடைத்து விற்றது. கோழியின் மேல் பூசி அவனில் வேக வைப்பது யூத வீடுகளில் சாதாரண சமையல் ஆகி விட்டது. மார்க்கக் கட்டுப்பாடு வியாபாரத்துக்குத் தடை என்று புலம்பாமல், கட்டுப்பாடு உள்ள வாடிக்கையாளர் எவ்வளவு நம்பிக்கையான வாடிக்கையாளர் என்று அவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

எமது தட்டில் உள்ள சீனா

இனி எமது ஊருக்கு வருவோம். மாவனல்லையிலும் கேகாலையிலும் பலாங்கொடையிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு வீதியில் நடந்து பாருங்கள். தகரச் சட்டியில் அகப்பை மோதும் சத்தம். பிரைட் ரைஸ், மொங்கோலியன் ரைஸ், சொப்சி, டெவல் சிக்கன். இவை சீனாவிலும் இந்த மாதிரி இல்லை, மொங்கோலியாவில் கேட்கவே வேண்டாம். சைனீஸ் ரோல்ஸ் என்று நாம் சொல்வதை ரஸ்க் தூளில் உருட்டிப் பொரிக்கிறோம். உள்ளே எங்கள் கிழங்குக் கறி. ஆக அமெரிக்காவில் நடந்ததுதான் இங்கும் நடந்திருக்கிறது. ஆனால் பாதிதான் நடந்திருக்கிறது. சோற்றை எமதாக்கிக் கொண்டோம். தொட்டுக் கொள்ளும் சோஸை மட்டும் இன்னும் கொழும்பிலிருந்து கேனில் இறக்குகிறோம்.

பார்சல் எடுத்தால் ஒரு சின்னப் பொலித்தீனில் முடிச்சுப் போட்டு மிளகாய் பேஸ்ட் தருகிறார்கள். ரோல்ஸுக்குத் தக்காளி சோஸ். இனிப்பும் புளிப்புமாக ஒன்று கேட்டால் கடைக்காரர் தக்காளி சோஸில் சீனி போட்டுக் கலக்கித் தருவார். 2022இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது வெளிநாட்டு சோஸ் போத்தல்கள் தட்டுகளிலிருந்து மறைந்தன. உள்ளூர்ப் பெயர்களான எம்.டி., கிஸ்ட், எடின்பரோ இல்லாதிருந்தால் எமது கடைகள் வெறும் சோற்றைத்தான் கட்டிக் கொடுத்திருக்கும்.

அதே வருடத்தில் எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்துக்குப் பின்னால் நான் கண்ட காட்சியை மறக்க முடியாது. மூன்று அம்பரெல்லா மரங்கள். அம்பரலங்காய் என்றும் சொல்வார்கள். காய் விழுந்து, பழுத்து, அழுகி, மண் மஞ்சளாகிக் கிடந்தது. இரவில் காட்டுப்பன்றி வந்து தின்று போகிறதாம். "ஏன் அக்கா, சந்தைக்குக் கொண்டு போகக் கூடாதா?" என்று கேட்டேன். அந்தத் தோட்டத்தில் றப்பர் பால் வெட்டும் பெண் அவர். "நானா, ஒரு சாக்குக் காய்க்கு அவங்க குடுக்கிறது பஸ்ஸுக்கும் சாக்குக்கும்தான் சரி. மிச்சத்துக்கு என்ன செய்ய?" என்றார். சப்ரகமுவ முழுக்க இதுதான் நிலை. அம்பரெல்லா மட்டுமல்ல, பிலிங்காய், வெரலிக்காய், அன்னாசி, பப்பாசி என்று வீட்டுத் தோட்டத்தில் காய்ப்பவை காய்க்கும் காலத்தில் ஒன்றாகக் காய்த்து, விலையில்லாமல் போகின்றன.

மருமகனின் பெக்கட்டைக் கையில் வைத்துக் கொண்டு எனக்கு அந்த மஞ்சள் மண்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்று சட்டி, இரண்டு நட்டம்

முதல் சட்டியை எமது வீட்டுக் குசினியிலேயே வைத்தோம். அரைப்பழமான காயை அவித்து, நாரையும் முள்ளுக்கொட்டையையும் சல்லடையில் பிரித்து, சீனி, வினாகிரி, இஞ்சி, உப்பு, கொஞ்சம் கொச்சிக்காய்த் துகள் சேர்த்துக் காய்ச்சினோம். ருசி அபாரம். மனைவி செய்தது என்பதால் சொல்லவில்லை. ரோல்ஸோடு வைத்தபோது பிள்ளைகள் தக்காளி சோஸைத் தொடவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அறுபது போத்தல் அடைத்தேன். பழைய கோர்டியல் போத்தல்களைக் கழுவி, சோஸ் நன்றாக ஆறிய பிறகு ஊற்றினேன். சூடாக ஊற்றினால் போத்தல் வெடிக்கும் என்று பயம். மூன்றாவது கிழமை ஸ்டோரில் 'டப்' என்று ஒரு சத்தம். மூடி பறந்திருந்தது. அடுத்த நாள் நான்கு. புளித்து நுரைத்து, எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஒரு போத்தலும் கடைக்குப் போயிருக்கவில்லை.

பிறகுதான் விடயம் தெரிந்தவர்களிடம் போனேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்கேனும் அறுபது போத்தல் மிஞ்சட்டும். சோஸ் கெடாமல் இருப்பது சீனியால் மட்டும் அல்ல, புளிப்பால். புளிப்பை அளக்கும் பி.எச். என்ற அளவு 4.6க்குக் கீழே இருந்தால்தான் மிகவும் ஆபத்தான நஞ்சுக் கிருமி தலை தூக்காது. சோஸ் வியாபாரத்தில் 4க்கும் கீழே வைத்துக் கொள்வது புத்தி. அடுத்தது, 85 பாகைக்குக் குறையாத சூட்டில் ஊற்றி, உடனே மூடி, போத்தலைக் கொஞ்ச நேரம் தலைகீழாக வைக்க வேண்டும். அப்போதுதான் மூடியின் உட்பக்கமும் சுத்தமாகும். போத்தலை முதலில் சூடாக்கி வைத்தால் வெடிக்காது. நான் பயந்து செய்த காரியமே நட்டத்துக்குக் காரணம்.

இரண்டாவது சட்டியில் புளிப்பும் சூடும் சரி. ஆனால் தடிப்புக்கு கோன்பிளவர் போட்டேன். ஒரு மாதத்தில் மேலே தண்ணீர், கீழே களி. புளிப்புள்ள சோஸில் சாதாரண கோன்பிளவர் நாளடைவில் இளகித் தண்ணீர் விடும். பெரிய கம்பனிகள் இதற்கென்றே மாற்றம் செய்த மாப்பொருளைப் பாவிக்கின்றன. நான் அதை வாங்கப் போகும் வேளையில் எமது உம்மா ஒரு வார்த்தை சொன்னார்: "அம்பரெல்லாவை ஜாம் காய்ச்சினா தானா இறுகுமே மகன், நீ ஏன் மா போடுறாய்?" உண்மைதான். அம்பரெல்லாவில் பெக்டின் என்ற பசைச்சத்து நிறைய. முற்றிப் பழுத்ததை விட்டு அரைப்பழத்தைத் தோலோடு அவித்தால் மா தேவைப்படாது. மூன்றாவது சட்டி நின்றது. கொழும்பில் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில் பி.எச். 3.5.

பெயரில் ஒரு வேடிக்கை நடந்தது. மருமகன் கொண்டு வந்த பெயரையே வைப்போம் என்று 'தாரா சோஸ்' என்று கையால் எழுதி ஒட்டி, தெரிந்த நாலு கடைக்குக் கொடுத்தேன். முதல் கடையில் ஒரு ஹாஜியார் கேட்ட கேள்வி: "தாராவை அறுத்தது யார்?" இரண்டாவது கடையில் சைவச் சாப்பாட்டுக்காரர் ஒருவர் தட்டைத் தள்ளி விட்டாராம். கேகாலையில் கடை வைத்திருக்கும் சிங்கள நண்பர்தான் வழி சொன்னார். "முதலாளி, இது அம்பரெல்லாதானே, அப்படியே எழுதுங்கள். அம்பரெல்லா என்றால் எங்கள் வீட்டிலும் வாயூறும்" என்றார். அன்றிலிருந்து அது அம்பரெல்லா சோஸ். பின்னவலைக்கு யானை பார்க்க வரும் சீனப் பயணிகளுக்காக அங்குள்ள ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் கொடுத்தேன். அவர்கள் அதைத் தொடுவதில்லை. வாங்குவது உள்ளூர்க் குடும்பங்கள்தான்.

ஹலால், லேபல், சீனி

வினாகிரியைப் பற்றி ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் கறியில்லாத வேளையில் ரொட்டியை வினாகிரியில் தொட்டுச் சாப்பிட்டு அதைப் புகழ்ந்தார்கள் என்று முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. தென்னங்கள்ளிலிருந்து வரும் வினாகிரி எமது நாட்டில் தாராளம். ஷாபிஈ மத்ஹபின்படி, கள் வேறொன்றும் சேர்க்காமல் தானாகவே வினாகிரியாக மாறினால் அது சுத்தமானது. உள்ளே ஏதாவது போட்டு மாற்றினால் பிரச்சினை. கடையில் வாங்கும் போத்தல் எந்த வகை என்று எமக்கு எப்படித் தெரியும்? ஆகவே முத்திரை உள்ளதை வாங்கினேன். விலை கொஞ்சம் கூட. மலிவுக்கு அசற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்த செயற்கை வினாகிரியும் இருக்கிறது. ஹலால் பிரச்சினை அதில் இல்லை. ருசிதான் தொண்டையைக் கீறும்.

2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராக நாட்டில் நடந்தவை வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் வழங்கும் பொறுப்பிலிருந்து ஒதுங்க, 2014 தொடக்கத்தில் ஹலால் அக்ரடிடேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனம் அதை ஏற்றது. அந்தக் காலத்தில் "முத்திரையைப் போடாதே, சிங்களக் கடையில் ஓடாது" என்று எமக்குள்ளேயே பேசிக் கொண்டார்கள். எனது அனுபவம் அப்படி இல்லை. எனது வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சிங்களவர். அவர்கள் கேட்பது விலையும், தவணையும், சனிக்கிழமை காலை சாமான் வருமா என்பதும்தான்.

லேபல் விடயத்தில் விளையாட வேண்டாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்த நேரமும் கடையில் மாதிரி எடுக்கலாம். மூன்று மொழியிலும் பெயர், சேர்மானம், திகதிகள், செய்தவர் முகவரி வேண்டும். 2019 முதல் திண்ம, அரைத்திண்ம உணவுகளுக்கும் வர்ண அடையாளம் வந்தது. 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. எமது சோஸுக்குச் சிவப்புத்தான். முதலில் எனக்கும் மனம் கசந்தது. பிறகு தக்காளி சோஸ் போத்தல்களைத் திருப்பிப் பார்த்தேன். அங்கும் சிவப்பைக் கண்டு ஆறுதல் அடைந்தேன். நீரிழிவு உள்ளவர்கள் தொட்டுத்தான் சாப்பிட வேண்டும், ஊற்றி அல்ல.

சீனி என்றதும் கணக்கு வருகிறது. இந்தச் சோஸில் பழம் செலவே அல்ல. பெருஞ்செலவு சீனி, அடுத்தது போத்தல், அதற்கடுத்தது காஸ். ஒரு கிலோ சீனிக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீடு 2020 ஒக்டோபரில் 50 ரூபாவிலிருந்து 25 சதமாக இறங்கியது. 2023 நவம்பரில் மறுபடி 25 சதத்திலிருந்து ஒரே இரவில் 50 ரூபாவாக ஏறியது. இப்படி ஏறி இறங்கும் சாமானை நம்பிக் கடைக்காரரோடு ஒரு வருடத்துக்கு ஒரே விலை பேசுவது தற்கொலை. நான் விலையை மூன்று மாதத்துக்குத்தான் பேசுகிறேன். அன்னாசி மலியும் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு அன்னாசிக் கூழ் சேர்த்தால் சீனி கொஞ்சம் குறையும், மணமும் கூடும்.

காசு எங்கே சிக்குகிறது

உண்மையான சோதனை சட்டியில் இல்லை, தவணையில். தோட்டத்து அக்கா காயைக் கொண்டு வந்து போட்டால் அன்றைக்கே காசு வேண்டும். அவரது வீட்டில் அன்றைய அரிசி அது. பிரைட் ரைஸ் கடை எனக்குத் தருவது நாற்பத்தைந்து நாள் காசோலை. நடுவில் நான். பலசரக்குக்கு இது பழகிய விடயம். எனக்கும் கொழும்பு மொத்த வியாபாரி தவணை தருகிறார். பழத்துக்குத் தவணை இல்லை. முதல் வருடத்தில் ஒரு கடை ஆறு மாதப் பாக்கியோடு இரவோடிரவாகப் பூட்டிக் கொண்டு போனது. ஊரைச் சொல்ல மாட்டேன். கையொப்பம் வாங்கிய பில் என்னிடம் பாதிதான் இருந்தது. குர்ஆனின் மிக நீளமான வசனம் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். கடனை எழுதி, சாட்சி வைக்கச் சொல்வது. ஒவ்வொரு நோன்பிலும் ஓதுகிறோம், கடைக்கு வந்தால் "பரவாயில்ல நானா, பிறகு எழுதுவோம்".

காயைத் தருபவரோடு உறவு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. வியட்நாமிலிருந்து அகதியாக வந்த டேவிட் ட்ரான் என்ற சீன வம்சாவளியினர் 1980இல் அமெரிக்காவில் ஹுய் போங் என்ற பெயரில் மிளகாய் சோஸ் தொடங்கினார். சேவல் படம் போட்ட 'ஸ்ரிராச்சா' போத்தல் அதுதான். அண்டர்வுட் என்ற ஒரே பண்ணைதான் 1988 முதல் ஏறக்குறைய இருபத்தெட்டு வருடங்கள் அவருக்கு மிளகாய் பயிரிட்டுக் கொடுத்தது. கொடுத்த முற்பணம், விலை என்று பிணக்கு முற்றி 2016இன் கடைசியில் பிரிந்தார்கள். வழக்கில் 2019இல் ஜூரி அந்தப் பண்ணைக்கு 23.3 மில்லியன் டொலர் கொடுக்கத் தீர்ப்பளித்தது. 2022, 2023இல் மிளகாய் கிடைக்காமல் போத்தலே சந்தையில் இல்லை. முறிந்த பண்ணையோ தன்னிடமுள்ள மிளகாயில் தானே சோஸ் செய்து விற்கத் தொடங்கியது.

இதைப் படித்த பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். சோஸ் விற்ற காசைப் பலசரக்குக் காசோடு கலப்பதை நிறுத்தி, தனி டப்பா வைத்தேன். காய்க்கு அந்த டப்பாவிலிருந்து கைக்காசு மட்டும். டப்பா காலியானால் அந்தக் கிழமை சட்டி வைப்பதில்லை. இதனால் சில கிழமைகள் கடைக்குச் சாமான் போகாது, ஏச்சு வாங்குவேன். ஆனால் தோட்டத்தில் கடன் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மூன்று லயங்களிலிருந்து ஏழு குடும்பங்கள் காய் தருகின்றன. விழுந்த காய் எடுப்பதில்லை, பறித்தது மட்டும் என்று பேசிக் கொண்டோம். முதலில் சண்டை பிடித்தார்கள். விலையை ஒரு பங்கு கூட்டினேன், சண்டை நின்றது.

பெக்கட்டில் அடைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். 2021 மார்ச் கடைசியிலிருந்து 20 மில்லிலீட்டருக்கும் அதற்குக் குறைந்ததுமான பெக்கட்டுகளை அரசாங்கம் தடை செய்தது. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு, ஆகவே சட்டப்படி பயமில்லை. எனினும் அச்சடித்த பிளாஸ்டிக் சுருளை ஒரு தடவைக்கு இவ்வளவு என்று பெரிய அளவில்தான் தருவார்கள். மெஷின் வேறு. எனது கணக்கில் இப்போதுள்ளதைப் போல எட்டு மடங்கு விற்றால்தான் அது கட்டுப்படியாகும். வங்கியில் வட்டிக்கு எடுக்க நான் தயாரில்லை. பங்குக்கு வரத் தயாராக உள்ளவர்கள் மூன்று பேர் பேசியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பலாங்கொடையில் மாணிக்க வியாபாரி. மாணிக்க வியாபாரிக்கு ஒரே கல்லில் லாபம் கண்டு பழக்கம், பெக்கட்டுக்கு ஒரு ரூபாய் லாபத்தில் பொறுமை இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். முகத்துக்கு நேரேயே சொல்லி விட்டேன், அவர் சிரித்தார்.

ஆகவே இப்போதைக்கு ஐந்து லீட்டர் கேன்தான். கடைக்காரர் தனது பொலித்தீனில் முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார். போன நோன்பில் இஃப்தார் ரோல்ஸுக்காக மாவனல்லையில் மட்டும் சாதாரண மாதத்தின் இரு மடங்கு போனது. இருபத்தேழாம் கிழமை இரவுக்கு முன் சாமான் தீர்ந்து விட்டது. ஹெம்மாதகமையிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் எனது ஸ்டோர் வாசலில் காத்திருந்து, வீட்டுக்கு வைத்திருந்த மூன்று போத்தலையும் எடுத்துக் கொண்டுதான் போனார். அதற்கு அவர் கைக்காசு தந்தார்.

இந்தச் சனிக்கிழமை எட்டியாந்தோட்டையிலிருந்து பதினொரு சாக்கு வருவதாக அக்கா போன் பண்ணியிருக்கிறார். டப்பாவில் ஒன்பது சாக்குக்குத்தான் காசு இருக்கிறது. கேகாலை நண்பர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் ஒரு காசோலையை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.